மூன்று பாடவேளையில் மாமல்லபுரம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் பொறியியல் மாணவர்களுக்கு இரண்டு புதிய பாடங்கள் உள்ளன. முதல் பருவத்தில் ‘தமிழர் மரபு’, இரண்டாம் பருவத்தில் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’. ஒவ்வொன்றுக்கும் 1 கிரெடிட், 15 பாடவேளை. இரண்டாவது பாடத்தில் வடிவமைப்புக்கும் கட்டுமானத்துக்கும் என்று ஓர் அலகு ஒதுக்கப்பட்டிருக்கிறது. சங்ககால வீடும் நடுகல்லும், சிலப்பதிகாரம் சொல்லும் ஆடலரங்கு, மாமல்லபுரத்துச் சிற்பங்கள், சோழர் கோயில்கள், நாயக்கர் காலக் கோயில்கள், மதுரை மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், செட்டிநாட்டு வீடுகள், சென்னையின் இந்தோ-சாரசனிக் கட்டடங்கள் ஆகிய அனைத்தும் அந்த ஓர் அலகுக்குள் அடக்கம். அதற்குக் கிடைக்கும் நேரம் 3 பாடவேளை.

இந்த ஏற்பாட்டைக் கேலி செய்வது எளிது. ஆனால் இயந்திரவியலோ கணினி அறிவியலோ படிக்க வந்த மாணவரின் பாடத்திட்டத்தில் சிற்பமும் கோயில் தேரும் வெண்கலப் படிமமும் இடம்பெற்றது சின்ன விஷயமல்ல. அவை எப்படி இடம்பெற்றிருக்கின்றன என்பதுதான் கேள்வி. தேர்வுத்தாளில் 2 மதிப்பெண் கேள்வியாகவும் 13 மதிப்பெண் கேள்வியாகவும் வரும்போது மாமல்லபுரத்துப் பஞ்ச ரதம் ஒரு பத்திச் செய்தியாகச் சுருங்கிவிடுகிறது. கட்டியவர் யார், எந்த நூற்றாண்டு, எத்தனை ரதம் என்பதோடு விடை முடிந்துவிடும். பார்ப்பதற்கான பயிற்சி அதில் கிடையாது. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், கேளம்பாக்கம் வட்டாரத்தில் படிக்கும் மாணவருக்கு அந்த ரதங்கள் ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருக்கின்றன. அவருக்கும் அவை புத்தகத்துப் பத்திதான்.

பொறியியல் மாணவர் யாரும் படம் வரையாமல் பட்டம் வாங்குவதில்லை என்பதும் உண்மை. முதலாண்டில் ‘இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ்’ இருக்கிறது. ஷீட்டைச் சுருட்டிக் குழாயில் போட்டுக்கொண்டு, மினி டிராஃப்டரும் கையுமாக டிராயிங் ஹாலுக்கு ஓடாத பொறியாளர் தமிழ்நாட்டில் இல்லை. அறுகோணப் பட்டகம் ஒன்று செங்குத்துத் தளத்துக்கு 30 டிகிரி சாய்ந்து நிற்கிறது. அதன் மேல்தோற்றத்தையும் முன்தோற்றத்தையும் வரைய வேண்டும். இது கண்ணுக்குத் தெரியாத பக்கத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கவைக்கும் அருமையான பயிற்சி. அரியர் வைத்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்தப் பட்டகம் எதற்கு, யார் கையில் இருக்கப்போகிறது, ஏன் அறுகோணம், எட்டுப் பட்டையாக இருந்தால் என்ன என்று எந்தக் கேள்வியும் எழாது. வடிவத்தை யாரோ முடிவுசெய்து கொடுத்துவிட்டார்கள். மாணவரின் வேலை அதைத் துல்லியமாகப் படியெடுப்பது. வடிவமைப்புக் கல்வி அந்த ‘யாரோ’வின் இடத்தில் மாணவரை உட்காரவைக்கிறது.

பொறியியலுக்கும் கலைக்கும் இடையிலான இந்தப் பிரிவுக்கு வயது அதிகம். சென்னையில் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளி வளர்ந்து எழும்பூர் கவின்கலைக் கல்லூரி ஆனது. ஹண்டரின் பள்ளி தொடக்கத்தில் ஓவியர்களை மட்டும் உருவாக்க நினைக்கவில்லை. செங்கல், ஓடு, மண்பாண்டம், மரச்செதுக்கு, அச்சுப்படம் என்று கைத்தொழிலும் கலையும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. பின்னாளில் அதற்குத் தலைமை ஏற்றவர்களில் ஒருவரான ராபர்ட் சிஷம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையை வடிவமைத்த கட்டடக் கலைஞர். இன்றைய பாடத்திட்டத்தில் வரும் இந்தோ-சாரசனிக் பாணியின் பெரிய பெயர்களில் அவருடையதும் ஒன்று. 1929-இல் தேவி பிரசாத் ராய் சவுத்ரி முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றார். அந்தக் காலத்தில் பள்ளியின் முகம் நுண்கலைப் பக்கம் திரும்பியது. அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். ஓவியம் தன் வழியைக் கண்டுகொண்டது, கிண்டி தன் வழியில் போனது. நடுவில் விடுபட்டது ஹண்டரின் செங்கல் சூளைதான்.

1957-ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். அந்த ஆண்டு கிண்டியில் கட்டடக்கலைத் துறை தொடங்கியது. அதே ஆண்டு மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையமும் தொடங்கியது. முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் அவருடைய மகன் வை. கணபதி ஸ்தபதி 27 ஆண்டுகள் பொறுப்பில் இருந்தார். கணபதி ஸ்தபதி காரைக்குடியில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றவர். குமரி முனையில் 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலை அவருடைய வடிவமைப்பு. அந்தப் பயிற்சி நிலையம் இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. அங்கே மரபுக் கட்டடக்கலைக்குத் தரப்படும் பட்டத்தின் பெயர் ‘பி.டெக்’ என்பது பலருக்குத் தெரியாது. உளிச் சத்தத்துக்கு நடுவே படித்து பி.டெக் வாங்கும் இடம் நாட்டிலேயே அபூர்வம். பொறியியல் கல்லூரிகளின் கண்ணில் அது இன்னும் ‘சிலை செய்கிற காலேஜ்’.

அங்கே கற்பிக்கப்படும் அளவுமுறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். முகத்தின் நீளம், அதாவது முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை, ஒரு தாலம். ஒரு தாலத்துக்கு 12 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 8 யவம். சிவன், திருமால் போன்ற முதன்மைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாலம்: மொத்த உயரம் 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாலம்: 120. இங்கே அங்குலம் என்பது கடையில் வாங்கும் டேப்பில் இருக்கும் அங்குலம் அன்று. சிலையின் மொத்த உயரத்தை 124 கூறாகப் பிரித்தால் வரும் ஒரு கூறுதான் அந்தச் சிலைக்கு அங்குலம். கல் சிறிதானால் அங்குலமும் சிறிதாகும். உள்ளங்கையில் அடங்கும் படிமத்துக்கும் தேர் உயரச் சிலைக்கும் கணக்கு ஒன்றே. கணினி மாணவர் வலைப்பக்கம் வடிவமைக்கும்போது பிக்சலை விட்டுவிட்டு ‘எம்’ என்ற சார்பு அலகில் எழுத்தளவைக் கொடுப்பார். திரை மாறினாலும் விகிதம் மாறாது. இரண்டும் ஒரே யோசனை.

சுவாமிமலையில் இதை ஸ்கேல் இல்லாமலே செய்கிறார்கள். வேண்டிய உயரத்துக்குத் தென்னை ஓலைக் கீற்று ஒன்றைக் கிழித்து, அதை மடித்து மடித்துக் கூறுகளைக் குறிக்கிறார்கள். ஒடியோலை என்பது அதன் பெயர். மெழுகு உருவத்தின் பக்கத்தில் அந்த ஓலையைப் பிடித்து, நெற்றி இங்கே, மார்பு இங்கே, தொப்புள் இங்கே என்று மடிப்பைப் பார்த்தே வேலை நடக்கிறது. முதலாண்டு மாணவர் கையில் ஓர் ஓலைக் கீற்றைக் கொடுத்து, எண்ணே எழுதாமல் ஒரு நாற்காலியின் விகிதங்களைப் பதிந்துவரச் சொன்னால், அளவு வேறு, விகிதம் வேறு என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். கரும்பலகையில் அதே விஷயத்துக்கு ஒரு வாரம் பிடிக்கலாம்.

பஞ்ச ரதங்களைச் சிற்பக்கலையாக மட்டும் சொல்லிக்கொடுப்பது பெரிய இழப்பு. பொறியியல் கண்ணுக்கு அது ஒரு மாதிரிக்கூடம். திரௌபதி ரதம் ஓலை வேய்ந்த குடிசை. பீம ரதம் நீண்ட வண்டிக்கூரை. அர்ச்சுன ரதமும் தர்மராச ரதமும் அடுக்கடுக்காக ஏறும் விமானங்கள். நகுல-சகாதேவ ரதத்தின் பின்புறம் வளைந்திருக்கிறது. அந்த வடிவத்துக்குத் தமிழில் தூங்கானை மாடம் என்று பெயர். பெயருக்கு விளக்கம் வேண்டுமா என்பதுபோல் பக்கத்திலேயே ஒரு கல் யானையை நிறுத்தியிருக்கிறார்கள். யானையின் முதுகையும் கூரையின் வளைவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டால் அந்தச் சொல் ஆயுளுக்கும் மறக்காது. ஓலைக்கும் மரத்துக்கும் பிறந்த வடிவங்கள் கல்லில் எதற்கு என்பது அடுத்த கேள்வி. கல்லுக்கு உத்தரமும் வேண்டாம், கூரைச் சரிவும் வேண்டாம். பழகிய கண்ணுக்குக் கோயில் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பட்டிருக்கிறது. குழாயடியில் வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடமும் பித்தளைக் குடத்தின் கழுத்தையும் வயிற்றையும் அப்படியே வாங்கிக்கொண்டதுதான். அங்கே குடத்தைச் சுமக்கும் இடுப்பு என்ற காரணமும் சேர்ந்திருக்கிறது.

முடிக்கப்படாத வேலைகள்தான் மாமல்லபுரத்தின் மிகச் சிறந்த பாடங்கள். பீம ரதத்தின் கூரை நறுக்காக முடிந்திருக்கிறது, அடிப்பகுதி முரட்டுப் பாறையாக நிற்கிறது. வேலை மேலிருந்து கீழே வந்திருக்கிறது. நின்று வேலை செய்யப் பாறையே தளம், சாரம் தேவைப்படவில்லை. முடியாத குடைவரைகளில் பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பள்ளம் வெட்டி, நடுவில் நிற்கும் முண்டுகளைத் தட்டியெடுத்த முறை இன்றும் தெரிகிறது. சி.என்.சி. இயந்திரத்தில் உலோகக் கட்டியைச் சீவும் மாணவருக்கு இது அந்நியமே அல்ல: வெட்டியதை மறுபடி ஒட்ட முடியாது என்பதால் எதை முதலில் எடுப்பது என்ற வரிசைதான் வடிவமைப்பின் பாதி. அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் அறிஞர்கள் இன்னும் வாதாடும் பெரும் புடைப்புச் சிற்பத்திலோ, பாறையின் நடுவே இயற்கையாக இருந்த பிளவுதான் ஆறாகி, நாகர்கள் நீந்தும் மையமாகி நிற்கிறது. குறையுள்ள பாறை என்று ஒதுக்கியிருந்தால் அந்தச் சிற்பமே இல்லை. வேறொரு துறையில் இதைத்தான் ‘கட்டுப்பாடுகளுக்குள் தீர்வு’ என்று பவர்பாயின்ட் போட்டுப் பாடம் எடுக்கிறார்கள்.

இப்படிப் பார்த்த அறிஞர்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருந்தார்கள். தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, தத்துவப் பேராசிரியர் மைக்கேல் லாக்வுட், தாவரவியல் பேராசிரியர் பி. தயானந்தன் மூவரும் மாமல்லபுரத்தைப் பற்றிச் சேர்ந்து எழுதிய ஆய்வுகள் 1974-இல் நூலாக வந்தன. பல்லவச் சிற்பங்களின் உடல் விகிதங்களை அளந்து, சிற்ப நூல்கள் சொல்லும் தாலக் கணக்கு அவற்றில் எவ்வளவு பொருந்துகிறது என்று சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் பின்னர் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தார்கள். அதே 1974-இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணமாக எழுதிக்காட்டிய கட்டுரை வெளியானது. வாசலில் புள்ளி வைத்துக் கம்பிக் கோலம் இழுக்கும் கை சில எளிய விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. அந்த விதிகளை எழுதிவிட்டால் எவ்வளவு பெரிய கோலத்தையும் இயந்திரம் வரையும். உலகின் கோட்பாட்டுக் கணினியியலில் கோலம் என்ற தமிழ்ச் சொல் இடம்பிடித்தது இப்படித்தான். இந்தக் கதை தமிழ்நாட்டுக் கணினி அறிவியல் மாணவர்களின் முதலாண்டு வகுப்பில் சொல்லப்படாவிட்டால் வேறு எங்கே சொல்லப்படப்போகிறது?

நிறுவன அளவில் இந்திய வடிவமைப்புக் கல்வியின் கதை 1958-இல் தொடங்குகிறது. அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசின் அழைப்பில் வந்து சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் வியந்து நின்றது நம் வீட்டுச் சொம்பின் முன்னால். கையில் எப்படிப் பிடிக்கிறது, நிறைந்தபோதும் காலியானபோதும் எடை எங்கே நிற்கிறது, எப்படி ஊற்றுகிறது, கழுவ எளிதா, தட்டினால் என்ன ஓசை, என்ன விலை என்று கேள்விமேல் கேள்வியாக அடுக்கினார்கள். 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. 1969-இல் மும்பை ஐ.ஐ.டி.க்குள் தொழில் வடிவமைப்பு மையம் தொடங்கியது. பொறியியல் வளாகத்துக்குள்ளேயே வடிவமைப்புக்கு வீடு கிடைத்தது அப்போதுதான். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு அந்த வாய்ப்பு 2007-இல் வந்தது. வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையை ஒட்டி மேலக்கோட்டையூரில் இருக்கும், பெயரில் மட்டும் காஞ்சிபுரத்தைச் சுமக்கும் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். நிறுவனம் தகவல் தொழில்நுட்பம், வடிவமைப்பு, உற்பத்தி மூன்றையும் பெயரிலேயே சேர்த்தது. அங்கே கணினி, மின்னணு, இயந்திரவியல் மாணவர்கள் தத்தம் துறையோடு வடிவமைப்புப் பாடங்களையும் பட்டத்தின் கட்டாயப் பகுதியாகப் படிக்கிறார்கள். மாவட்டத்தின் மற்றப் பொறியியல் கல்லூரிகளுக்கு இது எட்டாத முன்மாதிரி அல்ல.

வடிவமைப்பை அழகு சேர்க்கும் வேலை என்று நினைப்பவர்கள் இன்னும் பலர். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையக் கதை. 1979 மார்ச் 28 விடியற்காலையில் அங்கே ஓர் அழுத்த விடுவிப்பு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறைப் பலகையில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டது என்று பணியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த விளக்கு, வால்வுக்கு மூடும் கட்டளை போய்விட்டது என்பதை மட்டும்தான் சொன்னது. வால்வு மூடியதா என்று சொல்லவில்லை. முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகள் ஒன்றாக அடித்தன. வேறொரு விளக்கைப் பராமரிப்புக்காகத் தொங்கவிட்ட அட்டை மறைத்திருக்கலாம் என்றும் விசாரணையில் பேசப்பட்டது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலைக்கருவின் ஒரு பகுதி உருகியது. ஒரு விளக்கு எதைச் சொல்கிறது, பார்ப்பவர் அதை எப்படிப் படிப்பார் என்று யோசிப்பது காட்சி வடிவமைப்பின் அரிச்சுவடி. அந்த விபத்துக்குப் பிறகுதான் அங்கே கட்டுப்பாட்டு அறைகளின் அமைப்புக்கு மனிதக் கண்ணை மையமாக வைத்த விதிகள் கட்டாயமாயின. திருக்கழுக்குன்றத்திலிருந்து தென்கிழக்கே கடலோரம் போனால் கல்பாக்கம். அதன் முதல் அணுஉலை 1984-இல் வணிக உற்பத்தி தொடங்கியது. நாளை அதுபோன்ற பலகைகளின் முன் உட்காரப்போகிற பிள்ளைகள் இந்த வட்டாரக் கல்லூரிகளில்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

காட்சிப் பண்பாட்டைப் படிக்கத் திருக்கழுக்குன்றமே போதும். ஊரின் பெயரே ஒரு படம்: மலை, இரண்டு கழுகுகள். நாள்தோறும் உச்சிவேளையில் இரு கழுகுகள் வந்து அமுதுண்டு போனதைப் பார்க்க ஊரே மலையேறியது. அந்த வரவு 1990-களோடு நின்றுபோனது. கழுகுப் படம் மட்டும் கடைப்பெயர்ப் பலகையிலும் காலண்டரிலும் பறந்துகொண்டே இருக்கிறது. பிளாப்பி டிஸ்க்கைக் கையால் தொட்டே இராத மாணவர், சேமிப்பதற்கு இன்றும் அதன் படத்தைத்தான் அழுத்துகிறார். பொருள் போன பின்னும் அடையாளம் ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு இரண்டும் சேர்ந்தால் நல்ல வகுப்பு கிடைக்கும்.

ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி வேதகிரீசுவரரைத் தரிசித்துவிட்டு இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம் இருக்கிறது. பல்லவர் காலக் குடைவரை. அதில் 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பல்லவத் தூணில் ரோமன் எழுத்து. நேற்று ஒருவர் சாவியால் கீறிய காதலி பெயர் குற்றம். 350 ஆண்டு பழைய கீறல் தொல்லியல் ஆவணம். எழுத்துரு, கருவி, கல்லின் கடினம், எழுதியவரின் அதிகார நினைப்பு என்று ஒரே தூணில் பேச எவ்வளவோ இருக்கிறது. கீழே தாழக்கோயில் தெருவில் ஓடும் தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை போடுகிறவர் கட்டையை வைக்கும் கோணத்தில்தான் தேர் திரும்புவதும் நிற்பதும். பாடத்திட்டத்தில் ‘தேர் செய்யும் கலை’ என்று ஒரு வரி இருக்கிறது. முட்டுக்கட்டைக்காரரை வகுப்புக்கு அழைக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

தடைகள் இல்லாமல் இல்லை. இந்த இரு பாடங்களையும் நடத்தும் பொறுப்பு எந்தத் துறை ஆசிரியருக்கு நேரம் இருக்கிறதோ அவர் தலையில் விழுவதுண்டு. அவரும் பார்க்கப் பழக்கப்படாதவர். இரண்டாம் பருவம் கோடையோடு முட்டிக்கொள்ளும். வெயிலில் பாறை முன் நிற்க யாரும் விரும்பமாட்டார்கள். ஜனவரியில் போகலாம். செலவு பெரிதல்ல, பேருந்துக் கட்டணமும் தொல்லியல் துறையின் 40 ரூபாய் நுழைவுச்சீட்டும்தான். கனமான தடை மதிப்பெண். ஓவியப்பள்ளியில் மாணவரின் வேலையைச் சுவரில் ஒட்டி எல்லாரும் சுற்றி நின்று பேசுவார்கள். ஜெர்மனியில் 1919-இல் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளி முதல் அகமதாபாத் வரை அதுதான் வழக்கம். பொறியியல் கல்லூரியின் விடைத்தாளுக்குச் சரியான விடை ஒன்றுதான் வேண்டும். ஒரே கேள்விக்கு அறுபது மாணவர் அறுபது விடை கொண்டுவந்தால் திருத்துவது எப்படி என்ற பயம் நியாயமானது.

அதற்கும் வழி உண்டு, விடை ஊருக்குள் சோதிக்கத் தக்கதாக இருந்தால். செங்கல்பட்டு-மாமல்லபுரம் பேருந்தின் நெற்றியில் எல்.இ.டி. பலகைக்கு ‘திருக்கழுக்குன்றம்’ என்று எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்து எழுத்து. உயரம் 16 புள்ளி. தி-யின் கொக்கி மேலே ஏறும். ரு, ழு, கு மூன்றின் சுழி கீழே இறங்கும். நடு உடலுக்கு எட்டு ஒன்பது புள்ளிதான் மிஞ்சும். நான்கு மெய்யெழுத்துக்கு நான்கு புள்ளி வேண்டும். ஒற்றை விளக்காக வைத்தால் தூரத்தில் தெரியாது, நான்கு விளக்காக வைத்தால் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ழு-வின் வயிறு அடைத்துக்கொண்டால் படிக்க முடியாது. அகலம் போதாமல் எழுத்தை ஓடவிட்டால், ஓடிவரும் பயணிக்கு ‘...குன்றம்’ மட்டும் தெரியும். அது திருப்பரங்குன்றமா என்று இந்த ஊரில் யாரும் குழம்பமாட்டார்கள், ஆனால் வண்டி நகர்ந்துவிடும். பழைய தகரப் பலகையில் பெயின்டர் இதே பத்து எழுத்தை நெருக்கி, கு-வின் சுழியை ன்-க்கு அடியில் ஒதுக்கி ஒரே வரியில் முடித்திருப்பார். அந்தத் தீர்வையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மாணவர் கட்டத்தாளில் வரைந்து, நிரலாக எழுதி, பலகையில் ஏற்றியதும், முப்பதடி தள்ளி நிற்கும் ஐந்து பேரிடம் காட்ட வேண்டும். எத்தனை பேர், எத்தனை வினாடியில் படித்தார்கள் என்பதே மதிப்பெண்.